பாட் கொண்டு வர்ற அப்டேட்டை என்ன பண்றது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வெப் ப்ராஜெக்ட்ல பில்ட் டூல்ஸை, அதாவது நம்ம கோடை ப்ரவுசருக்கு ஏத்த ஃபைலா மாத்தற டூல்களை, தானா அப்டேட் பண்ற பாட்களைப் பத்தி இந்த தடவை நிறைய கேள்வி வந்திருக்கு. டிபெண்டபாட் மாதிரி பாட்னா, புது வெர்ஷன் வந்ததும் அதை சேர்க்கச் சொல்லி பிஆர் (புல் ரிக்வெஸ்ட், மாற்றக் கோரிக்கை) போடற ப்ரோக்ராம். ஒரே மாதிரி கேட்டவங்களை ஒண்ணா சேர்த்துட்டேன், மத்தபடி கேள்விகள் வந்தபடியே இருக்கு.

கேள்வி: மேடம், எங்க டீம் ரொம்ப சின்னது. டிபெண்டபாட் ஆன் பண்ணி வச்சோம், இப்போ பிஆர் மேல பிஆர் வந்து குவியுது, யாருக்கும் பார்க்க நேரமில்ல. பேசாம ஆஃப் பண்ணிடலாமா?

ஆஃப் பண்ணாதீங்க, செட்டிங்கை மாத்துங்க. நீங்க எதுவும் சொல்லலைன்னா டிபெண்டபாட் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் தனித்தனி பிஆர் போடும், வெப் ப்ராஜெக்ட்ல பில்ட் பக்கம் மட்டுமே எத்தனை பேக்கேஜ் இருக்கும்னு உங்களுக்கே தெரியும், பண்ட்லர் (ஃபைல்களை ஒண்ணா கட்டற டூல்), அதோட ப்ளகின்கள், லின்டர் (கோடுல தப்பு தேடற டூல்), அதோட ப்ளகின்கள், டைப்ஸ்கிரிப்ட், டெஸ்ட் ரன்னர், சிஎஸ்எஸ் டூல்னு போயிட்டே இருக்கும், இதெல்லாம் தனித்தனியா வந்தா எவ்வளவு பெரிய டீமா இருந்தாலும் சலிச்சுப்போகும்.

கன்ஃபிக் ஃபைல்ல குரூப்னு ஒரு வசதி இருக்கு, அதுல டெவ் டிபெண்டென்சியோட (டெவலப் பண்ணவும் பில்ட் எடுக்கவும் மட்டும் தேவைப்படற பேக்கேஜ்கள்) மைனர், பேட்ச் அப்டேட் (1.2.3ல 1 மேஜர், 2 மைனர், 3 பேட்ச்) எல்லாத்தையும் ஒரே குரூப்பா போடுங்க, மேஜர் மட்டும் தனியா வரட்டும். ஷெட்யூலை வாரம் ஒரு தடவைன்னு வைங்க. இதை செஞ்சாலே பாதி சத்தம் அடங்கிடும். இன்னொரு விஷயம், சேர்ந்தே நகர வேண்டிய பேக்கேஜ்கள்னு சிலது இருக்கு, ரியாக்டும் ரியாக்ட்-டாமும், டைப்ஸ்கிரிப்ட்-ஈஎஸ்லின்ட்டோட பார்ஸரும் ப்ளகினும், இந்த மாதிரி. இதெல்லாம் தனித்தனி பிஆரா வந்தா ஒண்ணு புதுசு இன்னொண்ணு பழசுன்னு ஆகி டெஸ்ட் ஃபெயில் ஆகி ரெண்டுமே சிகப்பா நிக்கும், டீம்ல இருக்கறவங்க அப்டேட்ல ஏதோ கோளாறுன்னு நினைச்சு விட்டுடுவாங்க. இவங்களை ஜோடியா ஒரு குரூப்ல போட்டுடுங்க.

குரூப் போட்டா ஒரு சங்கடமும் உண்டு, உள்ள இருக்கற பத்துல ஒண்ணு உடைச்சாலும் முழு பிஆரும் நிக்கும். அப்போ அந்த ஒண்ணை மட்டும் குரூப்லேந்து விலக்கி வச்சுட்டு மத்ததை மெர்ஜ் பண்ணுங்க (மெயின் கோடுல சேருங்க), மொத்தத்தையும் கிடப்புல போடாதீங்க.

நீங்க கவனிக்காம இருக்கக்கூடிய ஒண்ணு சொல்றேன். வெர்ஷன் அப்டேட் பிஆர் ஒரே நேரத்துல எத்தனை திறந்திருக்கலாம்னு டிபெண்டபாட்ல ஒரு லிமிட் இருக்கு, மாத்தலைன்னா அது 5. அஞ்சு பழைய பிஆரை யாரும் தொடாம விட்டீங்கன்னா ஆறாவது வரவே வராது. பார்க்கறதுக்கு அமைதியா இருக்கும், எல்லாம் அப்டேட்டா இருக்குன்னு தோணும், உண்மையில மாசக்கணக்கா எதுவுமே நகர்ந்திருக்காது. செக்யூரிட்டி அப்டேட்டுக்கு இந்த லிமிட் பொருந்தாது, அது தனி கணக்கு. அதனால வாரம் ஒருத்தர்னு முறை வச்சு பார்க்கற ஆளை முடிவு பண்ணுங்க, எல்லாருடைய வேலைன்னு விட்டா அது யாருடைய வேலையும் இல்ல.

கேள்வி: அக்கா, நான் காலேஜ் ஃபைனல் இயர். டெவ் டிபெண்டென்சி யூசரோட ப்ரவுசருக்கு போகவே போகாதுன்னு படிச்சேன். அப்போ அதை அப்டேட் பண்ணாட்டி என்ன ஆகிடப்போகுது?

தம்பி, இந்த எண்ணம் வேலை பார்க்கறவங்ககிட்டயும் பரவலா இருக்கு, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

பில்ட் டூல் யூசர்கிட்ட போகாது, ஆனா யூசர்கிட்ட போறதை எல்லாம் உருவாக்கறது அதுதான். அது உன் மெஷின்ல உன் பெர்மிஷன்ல ஓடுது, சிஐ சர்வர்ல (ஒவ்வொரு மாற்றத்துக்கும் பில்டும் டெஸ்டும் தானா ஓடற இடம்) டிப்ளாய் கீ, டோக்கன் எல்லாம் இருக்கற இடத்துல ஓடுது. சில பேக்கேஜ்கள்ல போஸ்ட்இன்ஸ்டால்னு ஒரு ஸ்க்ரிப்ட் இருக்கும், நீ என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை இறக்கற டூல்) இன்ஸ்டால்னு அடிச்ச உடனே அது ஓடிடும், நீ அந்த பேக்கேஜை ஒரு தடவை கூட இம்போர்ட் பண்ணியிருக்க வேண்டியதில்ல. ப்ரவுசருக்குள்ள ஓடற கோடுக்காவது ப்ரவுசர் ஒரு வேலி போட்டு வச்சிருக்கு, இதுக்கு அந்த வேலி கூட கிடையாது.

நடந்ததை சொன்னா புரியும். 2018ல ஈவென்ட்-ஸ்ட்ரீம்னு ரொம்ப பேர் பயன்படுத்தின ஒரு என்பிஎம் பேக்கேஜ், அதை பராமரிச்சவர் நேரமில்லாம, உதவி பண்றேன்னு வந்த ஒருத்தர்கிட்ட பொறுப்பை கொடுத்தார், வந்தவர் ஃப்ளாட்மேப்-ஸ்ட்ரீம்னு ஒரு புது டிபெண்டென்சியை உள்ள சேர்த்தார், அதுக்குள்ள மறைச்சு வச்ச கோடு இருந்துச்சு. அந்த கோடு எல்லா இடத்துலயும் வேலை செய்யல, கோபேன்னு ஒரு பிட்காயின் வாலெட் ஆப்போட ரிலீஸ் பில்ட் ஓடும்போது மட்டும் முழிச்சுகிட்டு, பில்டுக்குள்ள தன்னை நுழைச்சுகிட்டு, யூசரோட வாலெட் கீயை திருடற மாதிரி எழுதியிருந்தாங்க. டெவலப்பர் மெஷின்ல டெஸ்ட் பண்ணா ஒண்ணும் தெரியாது. பில்ட் நேரத்துல ஓடற கோடு யூசர் வரைக்கும் போகும்கறதுக்கு இதைவிட தெளிவான உதாரணம் இருக்கறதா எனக்கு தோணல.

2025 ஆகஸ்ட்ல என்எக்ஸ்ங்கற பில்ட் டூலோட சில வெர்ஷன்கள்ல கெட்ட கோடு ஏறி வந்துச்சு, அதோட போஸ்ட்இன்ஸ்டால் ஸ்க்ரிப்ட் டெவலப்பரோட மெஷின்ல இருந்த கிட்ஹப் டோக்கன், எஸ்எஸ்எச் கீ, என்பிஎம் டோக்கன் இதையெல்லாம் பொறுக்கி, அந்த டெவலப்பரோட அக்கவுன்ட்லயே ஒரு பப்ளிக் ரெப்போ உருவாக்கி அதுல போட்டுடுச்சு. சுத்தமான டெவ் டிபெண்டென்சி அது.

இதுல இருந்து அப்டேட்டே ஆபத்துன்னு எடுத்துக்காதே. அப்டேட் பண்ணாம விட்டாலும் ஓட்டை திறந்தே இருக்கும். 2025 மார்ச்ல வீட்ங்கற பில்ட் டூலோட டெவ் சர்வர்ல (டெவலப் பண்றப்போ நம்ம மெஷின்லயே ஓடற சர்வர்) ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு, ஹோஸ்ட் ஆப்ஷன் போட்டு நெட்வொர்க்குக்கு திறந்து வச்சிருந்தா, யூஆர்எல் கடைசில சில எழுத்தை சேர்த்தாலே மெஷின்ல இருக்கற வேற ஃபைல்களையும் படிச்சுடலாம்ங்கற நிலை. மொபைல்ல டெஸ்ட் பண்ணனும்னு அந்த ஆப்ஷனை போடறவங்க எத்தனை பேர். பழைய வெர்ஷன்ல நின்னவங்களுக்கு அந்த ஓட்டை இன்னைக்கும் அப்படியே இருக்கு.

உன் கேள்வில ஒரு பாதி நியாயமும் இருக்கு, அதையும் சொல்லணும். டெவ் டிபெண்டென்சி மேல வர்ற எல்லா அலர்ட்டும் உன்னை பாதிக்காது. 2025 பிப்ரவரில ஈஎஸ்பில்ட்ங்கற இன்னொரு பில்ட் டூலோட டெவ் சர்வர்ல ஒரு பிரச்சனை, எந்த வெப்சைட்டும் அந்த சர்வருக்கு ரிக்வெஸ்ட் அனுப்பி பதிலை படிக்கலாம்னு, 0.25.0ல சரி பண்ணாங்க. வீட் உள்ளுக்குள்ள ஈஎஸ்பில்டை பயன்படுத்தினதால வீட் ப்ராஜெக்ட் வச்சிருந்த எல்லாருக்கும் அலர்ட் அடிச்சுது, ஆனா வீட் தன்னோட சொந்த டெவ் சர்வரைத்தான் ஓட்டுது, ஈஎஸ்பில்டோடதை இல்ல. அலர்ட்டை திறந்து எந்த ஃபங்ஷன்ல ஓட்டை, அதை நம்ம ப்ராஜெக்ட் கூப்பிடுதான்னு படிக்கற பழக்கம் உனக்கு இப்பவே வந்துட்டா வேலைக்கு போன இடத்துல உன்னை தனியா கவனிப்பாங்க.

கேள்வி: பேக்கேஜ் ஃபைல்ல வெர்ஷன் முன்னாடி கேரட் குறி போட்டிருக்கேன். அப்போ தானா அப்டேட் ஆகிடுமே, பாட் எதுக்கு?

லாக் ஃபைல் இருக்கற வரைக்கும் ஆகாது. கேரட் குறி (^) அனுமதி மட்டும்தான் கொடுக்குது, மேஜர் நம்பர் மாறாத வரைக்கும் மேல போகலாம்னு, எந்த வெர்ஷன் உண்மையில இறங்கும்னு முடிவு பண்றது லாக் ஃபைல். முதல் நம்பர் பூஜ்யமா இருந்தா கேரட் இன்னும் இறுக்கமாகும், 0.2.3னு இருந்தா 0.3க்கு போகாது, பில்ட் டூல்கள்ல பல நாள் பூஜ்யத்துலயே நிக்கற பேக்கேஜ் நிறைய உண்டு, அதை எல்லாம் பாட் வந்து சொன்னாதான் உங்களுக்கு தெரியும்.

லாக் ஃபைலை கமிட் பண்ணாம விட்டிருந்தீங்கன்னா இன்னைக்கே கமிட் பண்ணுங்க, சிஐல என்பிஎம் இன்ஸ்டாலுக்கு பதிலா என்பிஎம் சிஐ கமாண்டை போடுங்க, அது லாக் ஃபைல்ல இருக்கறதை மட்டும் அப்படியே இறக்கும், பேக்கேஜ் ஃபைலும் லாக் ஃபைலும் ஒத்துப்போகலைன்னா எர்ரர் கொடுத்து நின்னுடும். லாக் ஃபைல் இல்லாம பாட் வைக்கறதுல அர்த்தமே இல்ல, ஏன்னா பாட் வந்து காட்டறதுக்கு முன்னாடியே மாற்றம் சத்தமில்லாம உள்ள வந்திருக்கும்.

கேள்வி: பேட்ச் வெர்ஷன்னா பக் ஃபிக்ஸ் மட்டும்தானே, அதை ஆட்டோ மெர்ஜ் போட்டுடலாம்னு எங்க லீட் சொல்றார். எனக்கு பயமா இருக்கு. யார் சொல்றது சரி?

ரெண்டு பேரும் சரி, நடுவுல சில நாள் இடைவெளி வச்சீங்கன்னா.

பேட்ச்னா பக் ஃபிக்ஸ் மட்டும்தான்கறது பேக்கேஜ் எழுதினவர் கொடுக்கற வாக்கு, என்பிஎம் அதை சரிபார்க்கறதில்ல. 2022 ஜனவரில கலர்ஸ்ங்கற பேக்கேஜை எழுதினவரே வேணும்னே முடிவில்லா லூப் போட்டு வெளியிட்டார், அதுல ஒண்ணு 1.4.1, வெறும் பேட்ச் நம்பர். டெர்மினல்ல கலர் காட்டறதுக்கு அதை வச்சிருந்த கமாண்ட் லைன் டூல்கள் எல்லாம் அர்த்தமில்லாத எழுத்தை கொட்டிகிட்டே நின்னுது. டைப்ஸ்கிரிப்ட் விஷயம் வேற, அவங்க கெட்ட எண்ணத்துல எதுவும் பண்றதில்ல, ஆனா அந்த நம்பர் முறையையே அவங்க பின்பற்றல, மைனர் வெர்ஷன்லயே புது டைப் எர்ரர் வரலாம், அதனால டைப்ஸ்கிரிப்ட் மைனரை நான் எப்பவும் மேஜர் மாதிரிதான் நடத்தச் சொல்லுவேன்.

2025 செப்டம்பர் 8ம் தேதி நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சாக், டிபக் மாதிரி கிட்டத்தட்ட எல்லா ப்ராஜெக்ட்லயும் எங்கயோ ஆழத்துல இருக்கற பேக்கேஜ்கள், அதை பராமரிக்கறவருக்கு என்பிஎம்லேந்து வந்த மாதிரியே ஒரு போலி மெயில் வந்துச்சு, டூ ஃபேக்டரை புதுப்பிக்கணும்னு, அவர் நம்பி உள்ள போனார், அக்கவுன்ட் கைமாறிடுச்சு, 18 பேக்கேஜ்ல கிரிப்டோ பணத்தை வழி மாத்திவிடற கோடு ஏறிடுச்சு. அந்த பேக்கேஜ்களோட வாராந்திர டவுன்லோடை கூட்டினா 200 கோடிக்கு மேல. நல்லவேளையா ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே கண்டுபிடிச்சு எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. அதுக்கு அடுத்த வாரமே ஷாய்-ஹுலூத்னு பேர் வச்ச ஒரு புழு, ஒரு டெவலப்பரோட டோக்கனை திருடி அவரோட மத்த பேக்கேஜ்கள்லயும் தன்னைத்தானே பப்ளிஷ் பண்ணிகிட்டு பரவுச்சு.

நான் சொன்ன சம்பவங்கள்ல பெரும்பாலானதை பாருங்க, கெட்ட வெர்ஷன் உயிரோட இருந்தது சில மணி நேரம், மிஞ்சினா ஒண்ணு ரெண்டு நாள். அப்போ வெர்ஷன் வெளிவந்த உடனே எடுக்கறவங்கதான் மாட்டறாங்க, ஆட்டோ மெர்ஜ் போட்டு வச்சவங்க அதுல முதல் வரிசை. சில நாள் ஆறப்போட்டு எடுத்தாலே பெரும்பாலான ஆபத்து தாண்டிப்போயிடும். இதுக்குன்னே ரெனோவேட்ங்கற இன்னொரு பாட்ல குறைந்தபட்ச ரிலீஸ் வயசுன்னு ஒரு செட்டிங் இருக்கு, டிபெண்டபாட்ல 2025ல கூல்டவுன்னு கொண்டு வந்தாங்க, என்பிஎம்முக்கு மாற்றா இருக்கற பிஎன்பிஎம்ல 10.16 வெர்ஷன்லேந்து இன்ஸ்டால் பண்ற இடத்துலயே வைக்கலாம். கடைசில சொன்னது முக்கியம், ஏன்னா பாட் மட்டும் காத்திருந்தா போதாது, டெவலப்பர் ஒருத்தர் கையால ஒரு பேக்கேஜை சேர்க்கும்போதும் அதே வேலி வேணும், கீழ ஆழத்துல இருக்கற பேக்கேஜுக்கும் அது பொருந்தணும். பிஎன்பிஎம்ல அந்த எண்ணை நிமிஷக் கணக்குல கொடுக்கணும், நாள்னு நினைச்சு 7னு போட்டுட்டீங்கன்னா ஏழு நிமிஷம்தான் காத்திருக்கும்.

ஈவென்ட்-ஸ்ட்ரீம் விஷயத்துல மட்டும் இது உதவியிருக்காது, அது வாரக்கணக்கா யார் கண்ணுலயும் படாம இருந்துச்சு. அதனால இடைவெளி ஒண்ணையே நம்ப வேண்டாம், இன்ஸ்டால் ஸ்க்ரிப்டுகளையும் நிறுத்தி வைங்க. பிஎன்பிஎம் 10லேந்து டிபெண்டென்சியோட ஸ்க்ரிப்ட் தானா ஓடாது, எதுக்கு அனுமதின்னு நீங்க பட்டியல் கொடுக்கணும், என்பிஎம்ல இக்னோர்-ஸ்க்ரிப்ட்ஸ் ஆப்ஷனை போட்டுக்கலாம்.

செக்யூரிட்டி ஃபிக்ஸுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. டிபெண்டபாட்ல கூல்டவுன் செக்யூரிட்டி அப்டேட்டுக்கு பொருந்தாத மாதிரிதான் வச்சிருக்காங்க. அதை மனுஷர் ஒருத்தர் அன்னைக்கே பார்த்து மெர்ஜ் பண்ணட்டும்.

ஆக, உங்க லீட்கிட்ட இப்படி சொல்லுங்க, டெவ் டிபெண்டென்சில பேட்ச் மட்டும், வெளிவந்து ஒரு வாரம் ஆனது மட்டும், பில்டும் டெஸ்டும் பச்சையா இருந்தா மட்டும் ஆட்டோ மெர்ஜ். பண்ட்லர், டைப்ஸ்கிரிப்ட் ரெண்டையும் அந்த பட்டியல்லேந்து எடுத்துடுங்க.

கேள்வி: நான் போடற பிஆர்ல சிஐ பாஸ் ஆகுது, டிபெண்டபாட் போடற பிஆர்ல மட்டும் டோக்கன் இல்லைன்னு ஃபெயில் ஆகுது. என்ன தப்பு?

தப்பு எதுவும் இல்ல, வேணும்னே அப்படி வச்சிருக்காங்க. 2021 மார்ச்லேந்து டிபெண்டபாட் கிளப்பற வொர்க்ஃப்ளோவுக்கு கிட்ஹப் ஆக்ஷன்ஸோட (கிட்ஹப்போட சிஐ) சீக்ரெட்ஸ் (அங்க சேமிச்சு வச்ச பாஸ்வேர்ட், டோக்கன்) கிடைக்காது, கிட்ஹப் கொடுக்கற டோக்கனும் நீங்க மாத்தலைன்னா படிக்க மட்டும்தான். வெளியாள் ஃபோர்க் பண்ணி அனுப்பற பிஆரை எப்படி நடத்துவாங்களோ அப்படி. புது பேக்கேஜோட கோடு முதல் தடவை ஓடறது அந்த பிஆர்லதான், அங்க சீக்ரெட் இருந்தா திருட வசதியா போயிடும்.

பிரைவேட் ரெஜிஸ்ட்ரி டோக்கன் மாதிரி கட்டாயம் தேவைன்னா டிபெண்டபாட் சீக்ரெட்ஸ்னு தனி இடம் இருக்கு, அதுல படிக்க மட்டும் முடிஞ்ச டோக்கனை போடுங்க. டிப்ளாய் ஸ்டெப்பை பாட் பிஆர்ல ஓட விடாதீங்க. இணையத்துல தேடினா புல் ரிக்வெஸ்ட் டார்கெட்னு ஒரு ட்ரிகருக்கு மாத்துங்கன்னு யாராவது சொல்லியிருப்பாங்க, அதை செஞ்சு, பிஆரோட கோடையும் செக்அவுட் பண்ணி ஓட்டினா முழு சீக்ரெட்டோட தெரியாத கோடை ஓட்டற மாதிரி ஆகிடும், அந்த வழிக்கே போகாதீங்க.

அதோட, வொர்க்ஃப்ளோல நீங்க பயன்படுத்தற ஆக்ஷன்களும் (மத்தவங்க எழுதி வச்ச ரெடிமேட் ஸ்டெப்கள்) டிபெண்டென்சிதான். 2025 மார்ச்ல சேஞ்ச்ட்-ஃபைல்ஸ்னு ஒரு பிரபல ஆக்ஷனோட பழைய டேக்குகளை (வெர்ஷன் பேர்கள்) எல்லாம் ஒரு கெட்ட கமிட்டுக்கு திருப்பி விட்டுட்டாங்க, சிஐ லாக்ல சீக்ரெட்ஸ் கொட்டுச்சு, 23,000க்கு மேல ரெப்போக்கள்ல அந்த ஆக்ஷன் இருந்துச்சு. டேக் பேரை எழுதாம கமிட்டோட முழு ஹேஷை (அந்த கமிட்டுக்கு மட்டுமே உரிய அடையாளம்) எழுதி வச்சிருந்தவங்க தப்பிச்சாங்க. ஹேஷ் போட்டா அப்டேட் பண்றது கஷ்டம்னு கவலைப்பட வேண்டாம், டிபெண்டபாட், ரெனோவேட் ரெண்டுமே ஹேஷை மாத்தி பக்கத்துல கமென்ட்ல வெர்ஷனையும் புதுப்பிச்சு பிஆர் போடும்.

கேள்வி: பாட் போட்ட பிஆர், எல்லா டெஸ்டும் பாஸ், மெர்ஜ் பண்ணோம். ரெண்டு நாள் கழிச்சு பழைய ஃபோன் வச்சிருக்கற யூசர்கள் வெள்ளைத் திரை வருதுன்னு சொல்றாங்க. டெஸ்ட் ஏன் பிடிக்கல?

இந்த கேள்வி எனக்கு ரொம்ப பிடிச்சுது, ஏன்னா பில்ட் டூல் அப்டேட்டோட உண்மையான சிக்கல் இங்கதான் இருக்கு.

உங்க யூனிட் டெஸ்ட் எதை ஓட்டுதுன்னு யோசிங்க. ஜெஸ்டோ வைடெஸ்டோ, அது உங்க சோர்ஸ் ஃபைலை எடுத்து தன் வழில மாத்தி நோட்ல (ப்ரவுசர் இல்லாம ஜாவாஸ்கிரிப்டை ஓட்டற டூல்) ஓட்டுது. ப்ரொடக்ஷன் பில்ட்ல பண்ட்லர் உருவாக்கற, மினிஃபை ஆன (சுருக்கின), துண்டு துண்டா பிரிஞ்ச அந்த ஃபைலை அது தொடறதே இல்ல. அதனால பண்ட்லர் மாறினா, அந்த மாற்றத்தை பார்க்காத டெஸ்ட் எப்பவும் போல பச்சை காட்டும்.

பழைய ஃபோன்னு சொன்னதால ப்ரவுசர் டார்கெட் (எவ்வளவு பழைய ப்ரவுசர் வரைக்கும் ஓடணும்கற செட்டிங்) மாறியிருக்கான்னு முதல்ல பாருங்க. உதாரணத்துக்கு 2025 ஜூன்ல வந்த வீட் 7ல நீங்க எதுவும் குறிப்பிடலைன்னா எடுத்துக்கற டார்கெட் மாறிடுச்சு, க்ரோம் 87 இருந்த இடத்துல 107, சஃபாரி 14 இருந்த இடத்துல 16. கோடு ஒரு வரி கூட மாறல, ஆனா வெளிய வர்ற ஜாவாஸ்கிரிப்ட்ல புது சின்டாக்ஸ் அப்படியே நிக்கும், பழைய ப்ரவுசர் அதை படிக்க முடியாம முதல் வரிலயே விழுந்துடும், அதுதான் வெள்ளைத் திரை. பில்ட் கன்ஃபிக்ல டார்கெட்டை நீங்களே எழுதி வச்சுட்டா, டூல் எவ்வளவு மாறினாலும் அது உங்க கைலதான் இருக்கும்.

வீட் இல்லைன்னா ப்ரவுசர்ஸ்லிஸ்ட்டை (எந்த ப்ரவுசர்கள்ல ஓடணும்னு எழுதற பட்டியல்) பாருங்க. கடைசி ரெண்டு வெர்ஷன்னு எழுதியிருந்தா, கேன்ஐயூஸ்-லைட்ங்கற பேக்கேஜ் அப்டேட் ஆகும்போதெல்லாம் அந்த ரெண்டு வெர்ஷன் எதுங்கறது நகரும். அது வெறும் டேட்டா பேக்கேஜ், பிஆரை பார்த்தா ஒரு ஆபத்தும் இல்லாத மாதிரிதான் தெரியும், ஆனா பழைய ப்ரவுசருக்காக கோடை மாத்தற பேபலும் ஆட்டோப்ரிஃபிக்ஸரும் என்ன எழுதணும்னு முடிவு பண்றது அதை வச்சுத்தான்.

சிஐல ப்ரொடக்ஷன் பில்டை ஓட்டுங்க, பில்ட் முடிஞ்ச ஃபோல்டரை ஒரு சர்வர்ல போட்டு ப்ளேரைட் மாதிரி டூல் வச்சு முக்கியமான பக்கங்களை திறந்து, கன்சோல்ல எர்ரர் இல்ல, மெயின் பட்டன் அழுந்துதுன்னு பாருங்க. நாலு பக்கம் பார்த்தாலே போதும். அதோட ஃபைல் சைஸை பழசோட ஒப்பிட்டு பிஆர்ல காட்டச் சொல்லுங்க, பேட்ச் அப்டேட்ல சைஸ் திடீர்னு ஏறினாலோ இறங்கினாலோ ஏதோ மாறியிருக்குன்னு அர்த்தம், மெர்ஜ் பண்றதுக்கு முன்னாடி ஏன்னு பார்க்கணும். ஈஎஸ்-செக்னு ஒரு சின்ன டூல் இருக்கு, வெளிய வந்த ஃபைல் குறிப்பிட்ட ஈசிஎம்ஏஸ்கிரிப்ட் வெர்ஷனுக்குள்ள இருக்கான்னு சொல்லும், உங்க பிரச்சனையை அது அன்னைக்கே சிஐலயே நிறுத்தியிருக்கும்.

கேள்வி: என்பிஎம் ஆடிட் ஃபிக்ஸ் கமாண்டை ஃபோர்ஸ் போட்டு ஓட்டலாமா?

வேண்டாம். ஓட்டை இருக்கற பேக்கேஜ்களை தானா மாத்தற கமாண்ட் அது, ஃபோர்ஸ் போட்டா மேஜர் வெர்ஷனையும் கேட்காம மாத்திடும், சில நேரம் பழைய மேஜருக்கு பின்னாடியும் தள்ளும். ஓட்டை இருக்கறது ஆழத்துல இருக்கற ஒரு பேக்கேஜ்லன்னா, மேல இருக்கறவர் அப்டேட் பண்ற வரைக்கும் பேக்கேஜ் ஃபைல்ல ஓவர்ரைட்ஸ் பகுதி எழுதி அந்த ஒண்ணை மட்டும் நல்ல வெர்ஷனுக்கு இழுங்க. யார்ன்ங்கற பேக்கேஜ் டூல்ல அதுக்கு ரெசல்யூஷன்ஸ்னு பேர். ஏன் போட்டோம், எப்போ எடுக்கலாம்னு ஒரு இஷ்யூ திறந்து வச்சுக்கோங்க, இல்லைன்னா அது அங்கயே கிடந்து பின்னாடி வேற அப்டேட்டை தடுக்கும்.

கேள்வி: டிபெண்டபாட்டா, ரெனோவேட்டா?

கிட்ஹப்ல ஒரே ரெப்போ, சாதாரண அமைப்புன்னா டிபெண்டபாட், உள்ளயே இருக்கு, ஒரு ஃபைல் போட்டா ஓடும். கிட்லேப், பிட்பக்கெட்னு வேற இடத்துல இருக்கீங்க, இல்ல மோனோரெப்போ (ஒரே ரெப்போல பல ப்ராஜெக்ட்), பல ரெப்போவுக்கு ஒரே விதி வேணும்னா ரெனோவேட். எனக்கு ரெனோவேட்ல பிடிச்சது அந்த டாஷ்போர்ட் இஷ்யூ, எது காத்திருக்கு, எது நின்னுடுச்சு, எது ஃபெயில்னு எல்லாம் ஒரே பக்கத்துல இருக்கும், பிஆர் வராத அமைதியை பார்த்து ஏமாற வேண்டியதில்ல. ஆனா ஆப்ஷன் ரொம்ப அதிகம், படிக்க நேரம் ஒதுக்கணும்.

கேள்வி: ரொம்ப நாளா யாரும் தொடாத ஒரு ப்ராஜெக்ட் எங்கிட்ட வந்திருக்கு, க்ரியேட் ரியாக்ட் ஆப், உள்ள வெப்பேக் 4. புது நோட்ல பில்ட் ஓடவே மாட்டேங்குது, ஓபன்எஸ்எஸ்எல்னு ஏதோ எர்ரர். பாட்டை ஆன் பண்ணா எல்லாம் சரியாகிடுமா மேடம்?

இப்போ ஆன் பண்ணாதீங்க, சிகப்பு பிஆர்தான் வரிசையா வரும்.

அந்த எர்ரர் ஏன்னா, வெப்பேக் 4ங்கற பண்ட்லர் ஃபைல்களுக்கு ஹேஷ் போட எம்டி4ங்கற பழைய முறையை பயன்படுத்துது, 2021 அக்டோபர்ல வந்த நோட் 17லேந்து உள்ள ஓபன்எஸ்எஸ்எல் 3ங்கற என்க்ரிப்ஷன் லைப்ரரி இருக்கு, அது எம்டி4ஐ சாதாரணமா அனுமதிக்காது. லெகசி ப்ரொவைடர்னு ஒரு ஆப்ஷன் போட்டா ஓடும்னு எல்லா இடத்துலயும் எழுதியிருப்பாங்க, ஓடும், ஆனா பழைய பலவீனமான முறைகளை மறுபடி திறந்து விட்டு ஓட்டறீங்க. இன்னைக்கு ஒரு நாள் பில்ட் எடுத்தே ஆகணும்னா போடுங்க, அதையே நிரந்தரமா வைக்காதீங்க.

முதல்ல எந்த நோட்ல இது கடைசியா ஓடுச்சோ அதே நோட்ல, எதையும் மாத்தாம பில்ட் எடுங்க. லாக் ஃபைல் இருக்கான்னு பாருங்க. அந்த பில்டை தனியா பத்திரப்படுத்துங்க, இனி வர்றதை எல்லாம் அதோடதான் ஒப்பிடப்போறீங்க. அடுத்து வெள்ளைத் திரை கேள்வில சொன்ன அந்த நாலு பக்க ப்ரவுசர் டெஸ்டை பழைய வெர்ஷன் மேலயே எழுதுங்க. இந்த ரெண்டும் இல்லாம ஒரு பேக்கேஜை கூட ஏத்தாதீங்க.

அதுக்கப்புறம் பெரிய முடிவு. ரியாக்ட் ப்ராஜெக்ட் ஆரம்பிக்க உதவற க்ரியேட் ரியாக்ட் ஆப்பை 2025 பிப்ரவரில ரியாக்ட் டீமே நிறுத்திட்டாங்க, புது ப்ராஜெக்டுக்கு வேண்டாம்னும், பழசை ஃப்ரேம்வொர்க்குக்கோ வீட் மாதிரி பில்ட் டூலுக்கோ மாத்தச் சொல்லியும் அறிவிச்சுட்டாங்க. அதனால வெப்பேக் 4லேந்து 5க்கு ஏத்தறதுல நேரத்தை செலவு பண்ண வேண்டாம்கறது என் கருத்து, நேரா வீட் பக்கம் போங்க. எப்படி போனாலும் ஒரு இடத்துல தடுக்கும், வெப்பேக் 4 வரைக்கும் நோட்டோட பஃபர், க்ரிப்டோ மாதிரி மாட்யூல்களுக்கு ப்ரவுசர் பதிப்பை அதுவே போட்டுகிட்டு இருந்துச்சு, 2020 அக்டோபர்ல வந்த வெப்பேக் 5 அதை எடுத்துடுச்சு, வீட்டும் போடாது. உங்க கோடுல, இல்ல நீங்க வச்சிருக்கற பழைய லைப்ரரில எங்க அது ஒளிஞ்சிருக்குன்னு தேடணும். என்வயர்மென்ட் வேரியபிள் பேரும் மாறும், ரியாக்ட் ஆப்னு ஆரம்பிக்கறதை எல்லாம் வீட்னு ஆரம்பிக்கற மாதிரி மாத்தணும், அதைப் படிக்கற இடத்தையும் மாத்தணும், இல்லைன்னா பில்ட் பாஸ் ஆகி ஏபிஐ முகவரி மட்டும் காலியா போகும்.

லின்டரை கடைசில வைங்க. 2024 ஏப்ரல்ல வந்த ஈஎஸ்லின்ட் 9 கன்ஃபிக் முறையையே மாத்திடுச்சு, பழைய ஃபைலை அது தானா படிக்காது, ப்ளகின்களும் ஒண்ணுக்கொண்ணு காத்திருக்கும், அதை நடுவுல இழுத்தா உண்மையான பில்ட் பிரச்சனையும் லின்ட் பிரச்சனையும் கலந்து குழப்பும். பியர் டிபெண்டென்சி (ஒரு ப்ளகின் தன்கூட இருக்கணும்னு கேக்கற பேக்கேஜ்) எர்ரர் வரும்போது லெகசி பியர் டெப்ஸ் ஆப்ஷனை போட்டு தாண்டிப் போகாதீங்க, எந்த ப்ளகின் எந்த வெர்ஷனை கேட்குதுன்னு அந்த எர்ரர்லயே எழுதியிருக்கும், நிதானமா படிச்சா பெரும்பாலும் ஒரே ஒரு கைவிடப்பட்ட பேக்கேஜ்தான் மொத்தத்தையும் பிடிச்சு வச்சிருக்கும், அதை மாத்திட்டா மத்தது நகர்ந்துடும்.

ஒரு மேஜருக்கு ஒரு பிஆர், ஒவ்வொண்ணும் தனியா டிப்ளாய், தனியா பின்வாங்க முடியற மாதிரி. பில்ட் பச்சையானதும் பாட்டை முதல்ல செக்யூரிட்டி அப்டேட்டுக்கு மட்டும் ஆன் பண்ணுங்க, அது ஒழுங்கா வந்து மெர்ஜ் ஆகற பழக்கம் டீமுக்கு வந்த பிறகு, முன்னாடி சொன்ன மாதிரி குரூப்பும் கூல்டவுனும் வச்சு மத்ததையும் திறந்து விடுங்க.